ஏதுமெண்டால் எடுப்பன்

பாரிஸில் லா சப்பல் பக்கம் தவரத்தினம் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'அலோ அண்ணை' என்றால் சட்டென்று தெரியும். கைபேசி ஒருதரம் அடித்து ஓய்வதற்குள் எடுத்து "அலோ" என்றுவிடுவார். யார் எடுக்கிறார்கள் என்றுகூடப் பார்ப்பதில்லை. முடிவெட்டும் கடையில் கழுத்தோரம் சவரக்கத்தி ஓடிக்கொண்டிருந்தாலும் கை சட்டைப்பைக்குப் போய்விடும். பிள்ளையார் கோயிலில் தீபாராதனை நேரத்தில் ஒருமுறை எடுத்து ஐயரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். மின்சாரக் கம்பனியை மாற்றிக்கொள்ளுங்கள் என்று விளம்பரம் பேசும் பெண்ணைக்கூட இடையில் நிறுத்தமாட்டார். அவள் ஒப்புவிப்பதை முழுக்கக் கேட்டு, "நோ, மெர்சி மதாம்" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார். ரூ லூயி-பிளாங் தெருவில் தேநீர் குடிக்க வருகிறவர்கள் சிலர் வேலை மினக்கெட்டு, எதிர்மேசையில் இருந்துகொண்டே அவருக்கு அழைப்பு எடுத்து விளையாடுவார்கள். அவர் எடுப்பார். அவர்கள் சிரிப்பார்கள். அவருக்குக் கோபம் வராது. பக்கத்தில் இருக்கிறவனுக்குத்தான் வரும்.

முன்பெல்லாம் அவர் இப்படி இல்லை. காலையில் எடுத்தால் மாலையில்தான் பதில் வரும். கேட்டால், "கையெல்லாம் மண், எப்பிடி எடுக்கிறது?" என்பார். கையெல்லாம் மண் என்பது உண்மைதான். அவர் வேலை செய்வது ஒரு செடிப்பண்ணையில்.

பண்ணை சென் தெனிக்கு அப்பால், ரயிலால் இறங்கி பஸ் பிடித்துப் போகவேண்டிய வெளியில் இருக்கிறது. முதலாளி மதாம் ஒதீல். அறுபதைத் தொட்டவர், குரல் பெரிது, மனம் அவ்வளவு மோசமில்லை. நகரசபைகளின் பூப்பாத்திகளுக்கும் சந்தைகளுக்கும் நாற்று வளர்த்துக் கொடுப்பதுதான் தொழில். குளிர்காலத்தில் செடிக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் உண்டு. வசந்தத்தில் சந்தைக்கு வரும் பூவெல்லாம் தை, மாசியில் கண்ணாடிவீட்டுக்குள் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. செடிப்பண்ணைக்கு வாழ்வும் சாவும் அந்த மாதங்களில்தான்.

அவரை அங்கே சேர்த்துவிட்டது அண்ணன் குலசேகரம். தவரத்தினத்துக்குப் பத்து வயது மூத்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து தம்பியை எடுப்பித்ததும் அவர்தான். உணவகமொன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவனை, "உந்தத் தண்ணிக்குள்ள கை அழுகிப் போகும், வா" என்று பண்ணைக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். அண்ணனுக்கும் அண்ணி தில்லைநாயகிக்கும் பிள்ளைகள் இல்லை. தவரத்தினம் கலியாணம் கட்டவில்லை. அதே கட்டடத்தின் உச்சிமாடியில், கட்டிலும் கைகழுவும் தொட்டியும் மட்டும் கொள்ளும் ஓர் அறையில் அவர் இருந்தார்; சாப்பாடு மூன்றாம் மாடியில் அண்ணி கையால். பெண் பார்க்க வந்த ஒன்றிரண்டு பேரும் அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

2010 மார்கழியில் பெரும்பனி கொட்டியது. பாதைகளில் லொறிகள் வழுக்கி நின்ற அந்த நாள் பலருக்கு நினைவிருக்கும். பண்ணையின் கடைசி ஓரத்தில், இரும்புக் குழாய்களை வில்லாக வளைத்து நட்டு, மேலே பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டிய நீளக் கூடாரம் ஒன்று இருந்தது. ஈரப்பனி அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. குலசேகரம் உள்ளே நின்று, தும்புத்தடித் துடைப்பத்தால் கூரையை இடித்து இடித்துப் பனியைச் சரித்துக்கொண்டிருந்தார். கூரை சரிந்தது. குழாய்கள் மடங்கி அவர் தோளில் விழுந்தன. மண்வெட்டிகளால் பனியை வாரித்தான் ஆளை வெளியே எடுத்தார்கள். அதன்பிறகு அவர் வலக்கையைக் காதுக்கு மேலே தூக்கியதே இல்லை. பண்ணை வேலையை விட்டு லூயி-பிளாங்கில் ஒரு தொலைபேசிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தார்.

அங்கே உட்கார்ந்தபடி பனிக்காலம் வந்தால் ஒரே ஓதல்தான். "பனி ஏறினா பிளாஸ்டிக்கை வெட்டு. கீழ இருந்து மேல வரைக்கும் கிழிச்சுவிடு. பனி உள்ளுக்கு விழும், குழாய் தப்பும். செடி போனாப் போகட்டும். உள்ளுக்கு மட்டும் நிக்காதை." பனி நாட்டுத் தோட்டக்காரர்களுக்கு இது தெரிந்த வேலைமுறைதான். கூடாரத்தை வெட்டினால் இரும்பு பிழைக்கும். செடி அன்றைக்கே உறைந்து சாகும்.

மதாம் ஒதீல் சிக்கனக்காரி. நசிந்த குழாய்களை நிமிர்த்தி அதே கூடாரத்தை மறுபடி நிறுத்தினார். ஆனால் அதை நம்பி நகரசபை நாற்று எதையும் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. "உனக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள், தவா" என்றார். தவரத்தினம் அதற்குள் துளசி போட்டார். கறிவேப்பிலை போட்டார். செவ்வரத்தை, மல்லிகை, கடைசியில் வில்வம். எங்கிருந்தோ வந்த வில்வ விதையொன்று முளைத்து, தொட்டியில் ஆளுயரத்துக்கு எழும்பி நின்றது. லா சப்பல் கடைகளில் அவருடைய துளசிச் சட்டிகளுக்குத் தனி மரியாதை இருந்தது. சிவராத்திரிக்குக் கோயிலுக்கு வில்வ இலை அவர் கொண்டுபோனால்தான் என்று ஆகிவிட்டது. கோயில் வாசலில் யாராவது அந்த மரத்தைப் பற்றிக் கேட்டால் போதும், தவரத்தினம் ஒரு சுற்றுப் பெருத்துவிடுவார்.

மரியாதைக்குக் காரணம் செடி மட்டுமல்ல. அந்தக் கூடாரத்தை அவர் கோயில் நந்தவனம்போல வைத்திருந்தார். மச்ச மாமிசம் சாப்பிட்ட நாளில் உள்ளே போகமாட்டார். சாவுத் தீட்டு என்று துடக்கு வந்தால் கூடாரத்துப் பக்கமே திரும்பமாட்டார். கனடாவில் ஒரு பெரியப்பா மகன் செத்த செய்தி வந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை அவர் வெளியில் நின்று கைகாட்ட, உள்ளே நீக்கிலாஸ் தண்ணீர் ஊற்றினான். நீக்கிலாஸ் பாசையூர்ப் பொடியன், கிறிஸ்தவ வேதக்காரன், பண்ணையில் அவருக்கு அடுத்த ஆள். நாற்பது வயதானாலும் தவரத்தினத்துக்கு அவன் பொடியன்தான்.

"அண்ணை, உங்கட சாமிக்குரிய செடியை நான் தொட்டாப் பிழையில்லை, நீங்கள் தொட்டாப் பிழையோ?" என்று அவன் சிரித்தான்.

"உனக்குத் துடக்கு இல்லையடா. தண்ணி ஊத்து, இலையை மட்டும் ஆயாதை" என்றார் தவரத்தினம்.

துடக்கில் இன்னொரு சங்கதி உண்டு. சாவு நடந்த நேரத்திலிருந்து அல்ல, செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் அது பிடிக்கும் என்பார்கள். அதனால்தான் கோயிலில் உபயம் நடத்திக்கொண்டிருக்கிறவனிடமும், மணவறையில் இருக்கிறவனிடமும் நம்மவர்கள் சாவுச் செய்தியை உடனே சொல்வதில்லை. காரியம் முடியட்டும் என்று காதுக்கு எட்டாமல் பிடித்து வைத்திருப்பார்கள். கேட்காதவரைக்கும் துடக்கில்லை. சட்டம் என்றால் சட்டம், வசதி என்றால் வசதி.

2017 முடிகிற நேரம் குலசேகரத்துக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். தை கடைசியில் பொபினியில் ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள். இனி வீட்டுக்கு வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரியும். அண்ணி பகலெல்லாம் அங்கே இருந்தார். தவரத்தினம் வேலை முடிந்து நேரே போய், அண்ணன் தூங்கும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு, அண்ணியைக் கூட்டிக்கொண்டு திரும்புவார்.

பெப்ரவரி மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் பனி தொடங்கியது. ஆஸ்பத்திரி யன்னலுக்கு வெளியே விளக்கு வெளிச்சத்தில் அது அடர்த்தியாக விழுந்துகொண்டிருந்தது. குலசேகரம் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"சினோ கொட்டுது போல, ரத்தினம்."

"கொஞ்சந்தான் அண்ணை. நிண்டிடும்" என்று பொய் சொன்னார் தவரத்தினம்.

வெளியே வந்ததும் அண்ணியிடம், நாளைக்கு வேலைக்குப் போகாமல் இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்டார். தில்லைநாயகி அதிகம் பேசாத மனுசி.

"நீர் போம் தம்பி. இஞ்சை இருந்து என்ன செய்யப் போறீர்? ஏதுமெண்டால் எடுப்பன்."

ஏதும் என்றால் என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும். தில்லைநாயகி வீணாகத் தொலைபேசி எடுக்கிறவர் அல்ல. மாமியார் செத்ததற்கு ஒருமுறை எடுத்திருக்கிறார்; அதற்கு முன்னும் பின்னும் தவரத்தினத்தின் கைபேசியில் அந்தப் பெயர் விழுந்ததே இல்லை.

புதன்கிழமை காலை பாரிஸ் வெள்ளையாகக் கிடந்தது. பஸ்கள் ஓடவில்லை. ரயில் ஊர்ந்து ஊர்ந்து போனது. ரயில்நிலையத்திலிருந்து பண்ணைக்குத் தவரத்தினமும் நீக்கிலாசும் பாதையோரமாக நடந்தே போனார்கள். கண்ணாடிவீடுகளில் மதாம் ஒதீலும் மற்ற இரண்டு வேலைக்காரர்களும் சூடாக்கிகளை முழுவீச்சில் போட்டுவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடியில் பனி உருகி வழிந்தது. ஓரத்துக் கூடாரத்தில் உருகவில்லை. அங்கிருந்த சிறிய எரிவாயுச் சூடாக்கி எவ்வளவு ஊதியும், இரட்டைப் பிளாஸ்டிக்குக்கு மேல் கிடந்த பனிக்கு அது உறைக்கவில்லை. கூடாரம் முதுகு வளைந்து நின்றது.

"வெட்டிவிடு, தவா" என்றார் மதாம் ஒதீல். "இந்த முறை விழுந்தால் நான் திரும்பக் கட்டமாட்டேன். சொல்லிவிட்டேன்."

"மத்தியானம் வரைக்கும் பொறுங்கள், மதாம். செடிகளை எடுத்துவிடுகிறோம்."

"உள்ளே ஆள் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை."

"நிற்கமாட்டோம். போவோம், வருவோம்."

மதாம் ஒதீல் அவரை முறைத்துப் பார்த்தார். கண்ணாடிவீட்டுப் பக்கமிருந்து யாரோ கூப்பிட, கையை உதறிவிட்டுப் போனார். அவருக்கு அன்றைக்கு நூறு கவலை. தவரத்தினத்துக்கு ஒன்றுதான். அடுத்த கிழமை சிவராத்திரி. வெட்டினால் வில்வமும் துளசியும் அந்த இடத்திலேயே போய்விடும். வெட்டாமல் விழுந்தால் கூடாரமே இனி இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரே வழி, செடிகளை மண் நிரப்பும் கொட்டிலுக்குக் கொண்டுபோவது.

தள்ளுவண்டிச் சில்லுகள் பனியில் புதைந்தன. நீக்கிலாஸ் தடித்த தறப்பாள் விரிப்பொன்றைத் தரையில் போட்டு, சட்டிகளை அதில் அடுக்கி, குளிர் தாங்கும் துணியால் மூடி, பனிமேல் இழுத்துக்கொண்டு போனான். உள்ளே சட்டி எடுத்துக் கொடுப்பது தவரத்தினம். இழுத்துப் போய்க் கொட்டிலில் இறக்குவது நீக்கிலாஸ். இடையிடையே இரண்டு பேரும் தும்புத்தடிக்குச் சாக்குச் சுற்றி, வெளியே நின்று கூரையைத் தட்டினார்கள். தட்டிய இடம் மறுபடி மூடிக்கொண்டது. பனி இன்னும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

முதல் வரிசை கறிவேப்பிலை போய் முடிகிற நேரம் கைபேசி அடித்தது. தவரத்தினம் எடுத்துப் பார்த்தார். 'அண்ணி' என்று எழுதியிருந்தது.

கறிவேப்பிலைச் சட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அடித்து அடித்து அது நின்றது. போய்விட்டார் என்று நினைத்தார். அண்ணை போய்விட்டார். அதே நேரத்தில், சொல்லவே கூசுகிற விதமாக, மனதின் இன்னொரு மூலை கணக்குப் போட்டது: இன்னும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் இந்த வாசலுக்கு உள்ளே காலெடுத்து வைக்க முடியாது. நீக்கிலாஸ் ஒருவனால் இத்தனையையும் தூக்கி இழுக்க முடியாது. ஐயரும் துடக்குக்காரன் தொட்ட வில்வத்தை வாங்கமாட்டார்.

மறுபடி அடித்தது. அவர் மேற்சட்டையைக் கழற்றி, கைபேசியை அதன் பைக்குள் போட்டு, வெளியே தண்ணீர்க் குழாய் நிற்கும் கம்பத்தில் கொழுவிவிட்டு உள்ளே போனார். அந்தக் குளிரில் வெறும் கம்பளிச்சட்டையோடு.

நீக்கிலாசுக்கு விளங்கிவிட்டது. "அண்ணை, பெரியவருக்கு…"

"வாயை மூடு. ஒண்டும் சொல்லாதை."

"நான் எடுத்துக் கேக்கட்டே? உங்களுக்குச் சொல்லமாட்டன்."

"வேண்டாம். உன்ர முகத்தில தெரிஞ்சிடும்."

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. கைபேசி மட்டும் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் நீக்கிலாஸ் கம்பத்தைத் திரும்பிப் பார்த்தான், தவரத்தினம் திரும்பவில்லை. செத்த ஒருவருக்காக எத்தனை முறைதான் எடுப்பார்கள் என்று அவர் ஒருமுறையாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் நான்தானே, அதுதான் விடாமல் எடுக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மல்லிகை போனது. செவ்வரத்தை போனது. துளசி முழுக்கப் போனது. மத்தியானம் தாண்டி நெடுநேரமாகிவிட்டது. கூடாரத்துக்குள் குழாய்கள் மெல்ல முனகத் தொடங்கின. கடைசியாக நின்றது வில்வம். பெரிய தொட்டி, ஈரமண், இரண்டு பேர் தூக்கவேண்டிய பாரம். நீக்கிலாஸ் கொட்டிலிலிருந்து திரும்ப முன்னர் பலகையில் ஏற்றிவிடலாம் என்று தவரத்தினம் தொட்டியைச் சாய்த்து, அடியில் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அப்போது மறுபடி அடித்தது. முழுக்க அடித்து ஓய்ந்தது. ஓய்ந்த கையோடு திரும்பத் தொடங்கியது. காலையிலிருந்து தாங்கிக்கொண்டிருந்த மனுசனுக்கு அந்த ஒருமுறை தாங்கவில்லை. "ஐயோ, விடுங்கோவன்!" என்று கத்திவிட்டு, தொட்டியை விட்டார். வெளியே போய்க் கம்பத்தில் தொங்கிய சட்டைப்பைக்குள் கையை விட்டு, கைபேசியை நிறுத்தினார்.

பின்னால் குழாய்கள் வரிசையாக முறிந்தன. அவர் திரும்பியபோது கூடாரம் இல்லை. நீளமான பனிமேடு ஒன்று கிடந்தது. ஓரங்களில் கிழிந்த பிளாஸ்டிக் படபடத்தது. வில்வம் இருந்த இடம் எதுவென்றே தெரியவில்லை.

கொட்டிலிலிருந்து நீக்கிலாஸ் "அண்ணை! அண்ணை!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தான். பனியைக் கையால் தோண்டத் தொடங்கிவிட்டான். பிறகுதான் கம்பத்தடியில் கைபேசியைப் பிடித்தபடி நின்ற தவரத்தினத்தைக் கண்டான். கண்டதும் அப்படியே பனியில் குந்தி அழுதான்.

மதாம் ஒதீல் வந்தார், பெருங்குரலில் திட்டினார், அவரைக் கட்டிப் பிடித்தார், மறுபடி திட்டினார். எல்லாம் ஓய்ந்தபின் தவரத்தினம் கொட்டிலுக்குப் போனார். அங்கேயாவது பிழைத்திருக்கிற துளசியைச் சுத்தமான கையால் மூடிவிடுவோம் என்று, ஒவ்வொரு சட்டியாகத் துணி சுற்றி, சூடாக்கிக்குக் கிட்டத் தள்ளி வைத்தார். கைபேசி அணைந்தே கிடந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே வந்து, அதைத் திறந்து, அண்ணிக்கு எடுத்தார். இனிக் கேட்கலாம் என்று நினைத்தார்.

தில்லைநாயகி உடனே எடுத்தார்.

"தம்பி, எங்கை நிக்கிறீர்? வெளியிலயோ நிக்கிறீர்?"

"ஓம் அண்ணி. வெளியிலதான். எப்ப அண்ணி? காலமையோ?"

"என்ன காலமை?" அண்ணியின் குரல் களைத்திருந்தது. "காலமை தொடக்கம் மனுசன் என்னை இருக்க விடேல்லை. யன்னலுக்குள்ளால சினோவைப் பாத்துப் பாத்து, 'ரத்தினத்துக்கு எடு, ரத்தினத்துக்கு எடு' எண்டு ஒரே கரைச்சல். 'அவன் வெட்டமாட்டான், எனக்குத் தெரியும். உள்ளுக்குத்தான் நிப்பான். வெளியில வரச்சொல்லு' எண்டு, வாயில போட்டிருந்த மாஸ்க்கைக் கழட்டிக் கழட்டிச் சொன்னவர். நீர் எடுக்கேல்லை. கடைசியா, கொண்டா நான் எடுக்கிறன் எண்டு போனைத் தானே வாங்கினவர். ரெண்டு தரம் எடுத்தவர். பிறகு அதை நெஞ்சில வைச்சுக்கொண்டு கிடந்தவர்."

"இப்ப, அண்ணி? அவரிட்டைக் குடுங்கோ."

"இல்லைத் தம்பி. இப்பதான். கொஞ்சம் முன்னம்."

துளசிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது.

அன்று மாலை இரண்டு பேரும் ரயில்நிலையத்துக்கு நடந்தார்கள். பனி நின்றுவிட்டிருந்தது. நீக்கிலாஸ் ஏதாவது சொல்லவேண்டும் என்ற தவிப்பில் சொன்னான்.

"அண்ணை, அவர் கூப்பிட்டுத்தானே நீங்கள் வெளியில வந்தனீங்கள். அவர் சொல்ல நினைச்சது நடந்திட்டுது."

"நான் எடுக்கேல்லையேடா" என்றார் தவரத்தினம்.

அவன் சொன்னது உண்மை. அவர் சொன்னதும் உண்மை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எது பெரிது என்று யாராலும் தீர்த்து வைக்க முடியவில்லை.

கொள்ளி வைத்தது தவரத்தினம்தான். அந்தியேட்டி வரைக்கும் கொட்டில் பக்கம் போகவில்லை. நீக்கிலாஸ் தண்ணீர் ஊற்றினான். சிவராத்திரிக்குக் கோயிலில் வேறெங்கிருந்தோ வந்த காய்ந்த வில்வத்தைப் போட்டு ஒப்பேற்றினார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய துளசியில் பாதி கொட்டில் குளிரில் கருகிப்போனது. மீதியை அந்தியேட்டிக்குப் பிறகு அவரே லா சப்பலுக்குக் கொண்டுவந்து கடைகளுக்குக் கொடுத்தார். வழக்கமாக வாங்கும் ஒரு அம்மா, "தம்பி, உதை துடக்கோட தொடேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"தொடேல்லை அம்மா" என்றார். "ஆனா இனி நான் உது பாக்கிறதில்லை. உங்களுக்கு மனமெண்டால் வாங்குங்கோ. இல்லாட்டி வேற இடத்தில வாங்குங்கோ."

பலர் வேறு இடத்தில் வாங்கினார்கள். சிலர் இன்னும் அவரிடம்தான் வாங்குகிறார்கள். கோயிலுக்கு அவர் போகிறார், திருநீறு பூசுகிறார், மற்றபடி ஒரு குறையும் இல்லை. கைபேசிச் சத்தத்தை மட்டும் கூட்டி வைத்திருக்கிறார், ஒருதரம் அடித்தாலே அடுத்த மேசைக்குக் கேட்கும்படி.

திரும்பக் கட்டமாட்டேன் என்ற மதாம் ஒதீல் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. அடுத்த வருடம் தவரத்தினம் கேட்காமலே, அதே ஓரத்தில், தடித்த புதுக் குழாய்களோடு ஒரு கூடாரம் எழும்பியது. மறுபடி கறிவேப்பிலை, மறுபடி துளசி. வில்வம் இல்லை. நீக்கிலாஸ் ஒருமுறை விதை கொண்டுவந்து கொடுத்தான். வாங்கி ஒரு தகரத்துக்குள் போட்டு வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

2024 கார்த்திகையில், மரங்களில் இலைகூட முழுக்க உதிராத நேரத்தில், ஒரு வியாழக்கிழமை புயலும் பனியும் சேர்ந்து வந்தன. மத்தியானத்துக்கெல்லாம் கூடாரத்தின் முதுகு வெள்ளையாகிவிட்டது. தவரத்தினம் கொட்டிலுக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்தார்.

நீக்கிலாஸ் பின்னாலேயே வந்தான். "அண்ணை, என்ன அவசரம்? இது புதுக் குழாய். இவ்வளவுக்குத் தாங்கும். உள்ளுக்குச் செடி நிறைய நிக்குது."

"தாங்கும்" என்று ஒத்துக்கொண்டார் தவரத்தினம். குனிந்து, பிளாஸ்டிக்கின் அடியில் கத்தியைச் செருகி, கையெட்டும் உயரம்வரை இழுத்தார். பிறகு அடுத்த இடம். அதற்கடுத்த இடம். பனி பொதபொதவென்று உள்ளே சரிந்து துளசி மேல் விழுந்தது. குழாய்கள் அசையவில்லை. அவருடைய கண்ணில் நீர் வந்தது, அதை அவர் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

கத்தியை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, கைபேசியை எடுத்து அண்ணிக்கு அடித்தார். தில்லைநாயகிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அதே மூன்றாம் மாடியில்தான் இருக்கிறார். கால் ஏலாது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

"என்ன தம்பி, இந்த நேரத்தில? ஏதுமோ?"

"ஒண்டுமில்லை அண்ணி. சினோ கொட்டுது. பிளாஸ்டிக்கை வெட்டிப்போட்டன். வெளியிலதான் நிக்கிறன்."

"சரி தம்பி. படத்துக்கு விளக்கு வைக்கேக்கை அவரிட்டைச் சொல்லிவிடுறன்."